ஏழு மணி நேரத் தூரம்

அண்ணனின் கடிதத்தைப் பிரித்ததும் மடியில் ஒரு துண்டு நூல் விழுந்தது. பள்ளிக்கூட அட்லாஸில் டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே பிடித்து அளந்து வெட்டிய நூல். ஆயிரத்து நூறு மைலாம். விமானம் மணிக்கு நூற்றறுபது மைல் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஏழே மணி நேரந்தான் அம்மிணி. காத்தால ஏறுனா மத்தியானச் சோத்துக்கு மெட்ராஸ். ராத்திரி ரயிலேறிரு, விடிஞ்சா சங்கரி டேசன்" என்று பேசுகிறபடியே எழுதியிருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்து மஞ்சள் காட்டை விட்டுச் சேலத்துக்கு அப்பால் போகாத மனுஷர் எனக்கு ஆகாயத்தில் வழி சொன்னார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. அவருடைய கல்யாணம் திடீரென்று கூடிவந்திருந்தது. கடிதம் கைக்கு வந்தபோது முகூர்த்தத்துக்கு முழுதாக இரண்டு நாள் இல்லை; ரயிலில் சென்னைக்கே இரண்டு நாளாகும். எங்கள் பக்கத்தில் தாலிக்கு முன் இணைச்சீர் நடக்க வேண்டும். மாப்பிள்ளையையும் உடன்பிறந்தவளையும் சேர்த்து வைத்துச் செய்கிற சீர். நான் ஒருத்திதான் தங்கை. சித்தப்பா மகளை வைத்து ஒப்பேற்றலாம் என்றிருக்கிறார்கள். "நீ வராமெ எனக்குச் சீரும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம்" என்று கடிதத்தின் கடைசி வரியில் மிரட்டல் வேறு. டெல்லியில் உத்தியோகம் பார்த்த என் வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் டிக்கெட் வாங்கினார். வருகிறேன் என்று தந்தி அடித்தோம்.

நூல் நேராகப் போனது, விமானம் போகவில்லை. இரண்டு ஊர்களில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டது. இரண்டாவது ஊரில் மழை விடட்டும் என்று உட்கார்ந்தும் கொண்டது. எனக்குப் பயமே இல்லை, கோபந்தான் வந்தது. சென்னையில் இறங்கும்போது இருட்டிவிட்டது, ரயில் போய்விட்டது. மறுநாள் காலை வண்டியைப் பிடித்து, சங்கரியில் இறங்கி, மாட்டு வண்டி வைத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தபோது மாலை மணி ஐந்து. காலை முகூர்த்தம் தவறிப்போயிருந்தது. அண்ணன் தாலி கட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ர கணக்குச் சரிதானுங்க. ஏரோப்ளேன்தான் நடுவால எறங்கீருச்சு" என்று நான் வந்த கதையைக் கேட்டுவிட்டுச் சபைக்குச் சொன்னார். அழுதுகொண்டே சிரித்தேன். சீர் முடிந்து, பொழுது சாய்கிற நல்ல நேரத்தில் தாலி ஏறியது.

அண்ணனின் பிடிவாதத்தை ஊரே மெச்சியது. பந்தலில் அன்று நடுப்பகலில் நடந்ததை வெகுநாள் கழித்துத்தான் சித்தப்பா மகள் சொன்னாள். பெண்ணின் அப்பா கொதித்து எழுந்து, மகளைப் பார்த்து, "எந்திரி சாமி, போலாம். இவிய நம்மளெ மதிக்கல" என்றாராம். பெண் எழுந்திருக்காமலே, "இருங்கப்பா. தங்கச்சிக்காக நிக்கறவரு நாளைக்கு எனக்கும் நிப்பாருங்க" என்றாளாம்.

இப்போது அதே தூரத்தை மூன்று மணி நேரத்துக்குள் பறந்துவிடுகிறார்கள். அண்ணனுடைய கணக்கு ஒரு பகல் தப்பியது. அண்ணி போட்ட கணக்கு தப்பவில்லை. கடைசிப் பதினொரு வருஷம் அண்ணி படுக்கையில் கிடந்தபோது, அண்ணன் பக்கத்தூர்க் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை.