எஸ்தர் அக்கா பகலில் எடுத்த இரவுகள்

எஸ்தர் அக்கா இறந்த செய்தியை அவருடைய தம்பி மகன் தாவீது காலை ரயிலில் வந்து சொன்னான். திருப்பத்தூரில் நான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். "அத்தை போய்ட்டாங்க சித்தி. நேத்து மத்தியானம் சாப்ட்டு கை கழுவ எழுந்தாங்க, அவ்ளோதான்" என்றான். அவனோடேயே வேலூருக்குப் புறப்பட்டேன். சாயங்காலம் அடக்கம்.

கல்லறைத் தோட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அக்கா எடுத்த கல்யாணப் படங்களைப் பற்றியும், அந்த நிலா வெளிச்சப் படங்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தீர்கள். நல்ல பேர் வாங்கித் தந்த அந்தப் படங்களை ஏன் திடீரென்று விட்டார் என்று ஒருவர் கேட்க, பார்வை மங்கிவிட்டது, அதனால்தான் என்று இன்னொருவர் சொன்னார். பார்வை மங்கவில்லை. கடைசிவரை அக்கா கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்தார். காரணம் எனக்குத் தெரியும், நான் கூடவே இருந்தேன். இத்தனை நாள் அதைச் சொல்ல முடியாமல் இருந்தது. அதில் சம்பந்தப்பட்ட கணவன் மனைவி இருவரும் இப்போது இல்லை. அவர்கள் பெயரை மட்டும் மறைத்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

விஷ ஜுரம் வந்த வருஷம் அக்காவின் கணவர் போனார். வேலூர் கடைத்தெருவில் அவர் வைத்திருந்த ஸ்டூடியோவை விற்றுவிடலாம் என்று கொழுந்தன்மார்கள் வந்து உட்கார்ந்தார்கள். "இன்னாத்துக்கு விக்கணும்? எனக்குத் தெரியாத தொழிலா?" என்று அக்கா உள்ளே போய்விட்டார். அடுத்த வாரமே கேமராவை ஜட்காவில் ஏற்றினார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் வியாபாரிகளின் வீடுகளுக்குள், ஆண் படக்காரர்கள் கால் வைக்க முடியாத கோஷா அறைகளுக்குள், கறுப்புத் துணியும் முக்காலியுமாக அவர் போனார். படங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலைக்கு நான் அவரிடம் சேர்ந்தேன்.

ஆம்பூரில் ஒருமுறை ஒரு புதுப்பெண், கேமரா முன் உட்கார்ந்ததும் முகம் கல்லாகிவிட்டாள். வீட்டார் ஆளாளுக்குச் சிரிக்கச் சொன்னார்கள். அக்கா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, துணிக்குள் தலையைக்கூட விடாமல், சும்மா நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தப் பெண் அலுத்துப்போய் ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ நினைத்தாள். அப்போது எடுத்தார். திரும்பி வரும்போது என்னிடம், "முகம் வர்ற வரைக்கும் நிக்கணும் கிருபா. நாம கூப்பிட்டா வராது" என்றார்.

இரவுப் படங்கள் பின்னால் வந்தவை. உண்மையான ராத்திரியில் அந்தக் கேமராவுக்குக் கண் தெரியாது. அதனால் அக்கா உச்சி வெயிலில் கோட்டை அகழிக்குப் போய், சூரியன் மேகத்துக்குப் பின்னால் நுழையும்வரை காத்திருந்து, அதற்கு நேரே கேமராவைத் திருப்பி ஒரு நொடி திறந்து மூடுவார். அந்தக் கண்ணாடித் தட்டிலிருந்து படத்தை நன்றாகக் கறுக்க அச்செடுத்து நீலம் ஏற்றினால், சூரியன் நிலாவாகிவிடும். தண்ணீர் மினுங்கும். எங்கே விளக்கு எரிய வேண்டுமோ, தட்டில் அந்த இடத்தில் மெல்லிய தூரிகையால் சிவப்பு மைப் பொட்டு ஒன்று வைப்பார். அது படத்தில் வெளுப்பாக விழும். அதன் மேல் நான் மஞ்சள் தீட்டுவேன். நீங்கள் வாங்கி மாட்டிய கோட்டைப் படத்தின் நிலா, மத்தியானச் சூரியன்தான்.

அந்தப் படம் ஆம்பூரில் ஒரு வீட்டுக்குள்ளும் போயிருந்தது. தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த ஒரு பாயின் வீடு. அவருடைய மனைவியை ஹமீதா பீ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அக்காவுக்கு ஆள் அனுப்பினார். நாங்கள் இருவரும் போனோம். ஆவாரம்பட்டை வாடை முற்றம் வரை வீசிய வீடு. தேநீர் கொடுத்துவிட்டு ஹமீதா பீ கேட்டார்:

"பகல எடுத்து ராத்திரியா மாத்துவீங்களாமே, மெய்யா?"

"மாத்துவேன் பீபி."

"அப்டின்னா எனக்கு ஒரு ராத்திரி வேணும்."

காலரா வந்த வருஷம் அவருடைய ஒரே மகன் பொழுது சாய்ந்த பிறகு இறந்திருக்கிறான். நோய்க்குப் பயந்து அன்று ராத்திரியே பாலாற்றங்கரை கபர்ஸ்தானுக்கு எடுத்துப் போய் அடக்கிவிட்டார்கள். அவர்கள் வழக்கப்படி பெண்கள் கூடப் போவதில்லை. குழந்தையைப் படுக்க வைத்த இடத்தை அந்தத் தாய் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அந்த எடத்தப் பகல்லயே எடுத்துத் தர்றேனே பீபி" என்றார் அக்கா.

"பகல்ல பாத்தா அது யாரோ ஊரு மாதிரி இருக்கும். எனக்கு அந்த ராத்திரிதான் வேணும். போனவங்க கையில ஒரு லாந்தர் இருக்கட்டும்."

கபர்ஸ்தான் காவல்காரரிடம் இடம் எது என்று கேட்டுக்கொண்டு, ஆற்று மணலில் நின்று தாழ்ந்த மதிலுக்கு மேலாக அக்கா அந்த இடத்தை எடுத்தார். கோட்டைப் படத்தைப் போலவே எடுத்தார். கொண்டுபோய்க் கொடுத்தபோது ஹமீதா பீ வெகுநேரம் பார்த்தார். பிறகு விரல் நுனியால் வானத்தைத் தொட்டார்.

"அன்னைக்கி நிலா இல்லம்மா."

அக்கா படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மழை மூட்டமான ஒரு நாளுக்காகக் காத்திருந்தோம். தூறலில் கேமராவுக்கு நான் குடை பிடித்தேன். சூரியன் இல்லை, எந்தக் கல்லுக்கும் நிழல் இல்லை. ஸ்டூடியோவுக்கு வந்ததும் தட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, விளக்கை எங்கே வைப்பது என்று யோசித்தார். மதிலுக்கு உள்ளே ஒரு வேப்பமரம். அதன் அடிமரம் படத்தில் கறுப்பாக விழும். "இங்க வெச்சா எடுப்பாத் தெரியும்" என்று அங்கே பொட்டு வைத்தார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஹமீதா பீ இந்த முறை படத்தை மார்போடு அணைத்து உள்ளே எடுத்துப் போனார்.

சில மாதங்கள் கழித்து அந்த பாய் ஸ்டூடியோவுக்கு வந்தார். பட்டுக் கைக்குட்டையில் சுற்றி அந்தப் படத்தைக் கொண்டுவந்திருந்தார். கபர்ஸ்தானைப் படம் எடுத்ததற்குச் சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இத எடுத்தது யாரு?"

"நான்தான் பாய்."

"நான் லாந்தர் புடிச்சிக்கினு நின்ன எடம் இது. வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம். உங்களுக்கு யாரு சொன்னது?"

பாய் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து படத்தை மடியில் வைத்துக்கொண்டார். "மண்ணு தள்றப்போ என் கை ஆடிச்சி. வெளிச்சமும் கூடவே ஆடிச்சி. எல்லாம் மறந்து போச்சின்னு நெனச்சிருந்தேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவுக்கு சலாம் வைப்பதுபோல ஒரு கையை நெஞ்சில் வைத்துவிட்டு, போய்விட்டார்.

அக்கா வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு என்னைக் கேட்டார்: "அந்த வெளக்க அங்க வெச்சது நான்தானே கிருபா?"

"ஆமாக்கா."

"அவர் நின்னதால என் கை அங்க போச்சா? நான் வெச்சதால அவர் அங்க நின்னாரா?"

அன்றிலிருந்து அக்காவை ஏதோ பிடித்துக்கொண்டது. முன்னறையில் மாட்டியிருந்த கோட்டைப் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார். படம் கழுவும் இருட்டறைக்குத் தனியாகப் போகமாட்டார். நான் கதவோரம் நின்று ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சை நிறுத்தினால் உள்ளேயிருந்து, "இருக்கியா?" என்று குரல் வரும். ஒருமுறை நிஜமாகவே பயந்த குரலில், "உள்ள யாரோ லாந்தர் வெச்சிருக்காப்ல இருக்கு" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கும் அந்த அறை அதற்குப் பிறகு பழைய அறையாக இல்லை.

கடைசியில், "போய்ச் சொல்லிட்டு வந்துடலாம் வா" என்று என்னை அழைத்துக்கொண்டு ஆம்பூருக்குப் புறப்பட்டார். ஹமீதா பீ முன்னால் உட்கார்ந்து சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"பீபி, அந்த வெளக்கு நானா பாத்து வெச்ச எடம். எனக்கு யாரும் சொல்லல. பாய் அங்கதான் நின்னேன்றாரு. எனக்குப் பயமா இருக்கு."

ஹமீதா பீ எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அன்னைக்கி லாந்தரே போகலம்மா" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

"லாந்தர் என் கையில இருந்திச்சி. அவரு குடு குடுன்னு கேட்டாரு. நான் குடுக்கல. குடுத்தா புள்ளயத் தூக்கினு போய்டுவாங்கன்னு கெட்டியாப் புடிச்சிக்கினேன். கடைசில அவங்க இருட்டுலயே தூக்கினு போய்ட்டாங்க. நான் லாந்தரோட இங்கியே நின்னுட்டேன். என் புள்ள இருட்டுல போனான். அதுக்குத்தான் உங்கள வெளக்கு வெக்கச் சொன்னேன்."

அக்கா அவர் பக்கம் குனிந்தார். "அப்ப பாய்...?"

"அவரு அந்தப் படத்த தெனமும் பாப்பாரு. இப்ப வெளக்கு இருந்திச்சின்னே நம்புறாரு. ரொம்ப நாளைக்கி அப்பறம் தூங்குறாரு. அவர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா."

"உங்களுக்கு?"

"எனக்குத் தெரியுமே. நான் எப்டி மறக்கறது?"

தட்டை உடைத்துவிடட்டுமா என்று அக்கா கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றார் ஹமீதா பீ. அந்தத் தட்டை அக்கா உடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பகலையும் அவர் இரவாக்கவில்லை. அந்தப் படங்களை அஞ்சலட்டையாகப் போட்டு விற்ற கார்டு வியாபாரி மதராஸிலிருந்து நேரில் வந்து கெஞ்சினார். "பகல்ல எடுத்தது பகலாவே இருந்துட்டுப் போகட்டும்" என்பதற்கு மேல் அவருக்கும் காரணம் சொல்லவில்லை. பார்வை மங்கிவிட்டது என்று ஊரார் பேசிக்கொண்டதையும் மறுக்கவில்லை.

அன்று ஹமீதா பீ வீட்டிலிருந்து ரயிலடிக்கு ஜட்காவில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் அக்கா வண்டிக்காரரின் தோளைத் தட்டி, "திருப்புப்பா" என்றார். ரயில் போய்விடும் என்றேன். "புள்ள பேரக் கேக்கலையே கிருபா. இவ்ளோ பேசினோம், பேரக் கேக்கலையே" என்றார். மறுபடியும் அந்த வாசலில் போய் இறங்கினார். கதவிடுக்கில் ஹமீதா பீயின் முகம் தெரிந்தது. அக்கா கேட்டார். அந்தத் தாய் சொன்னார். அக்கா ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்து, சரிதானா என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

அதிலிருந்து மாலை ஜெபத்தில் தன் கணவரின் பெயருக்குப் பிறகு அந்தப் பெயரையும் சொல்வார். "அவங்க வேதம் வேறயாச்சேக்கா" என்று நான் ஒருமுறை சொன்னேன். "பேரச் சொல்றதுக்கு வேதம் எதுக்கு?" என்றார்.

அடக்கம் முடிந்ததும் தாவீது, அத்தையின் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். அது அவனிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அக்காவிடமிருந்து எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். திருப்பத்தூர் திரும்பிய அன்று மாலை ஜெபத்தில், என் வாயால் முதல்முறையாக அந்தப் பெயரைச் சொன்னேன். யூசுப் என்றேன். பிறகு, எஸ்தர் என்றேன்.