ரிலீவர் வரும்வரை

சூளகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் தரம் பார்க்கிறேன். வரிசையில் வரும் உதிரி பாகங்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் உண்டா, பிசிறு உண்டா என்று சொல்ல வேண்டும். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுக்கும் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் தப்பில்லை. துவைத்த சட்டையில் கறை, சாம்பாரில் உப்பு என்று எதுவும் என்னிடமிருந்து தப்பியதில்லை.

மகள் தூங்குவதில்லை என்பதையும் நான்தான் முதலில் பிடித்தேன். பதினோராம் வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவள் ஆள் மாறிப்போனாள். நாங்கள் இருப்பது மாநில எல்லைப் பக்கம், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. பக்கத்து வீட்டு அக்காவிடம் தெலுங்கு, எதிர்வீட்டுப் பிள்ளைகளிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்று பாஷையிலும் வாயாடியவள், மூன்று பாஷைக்கும் சேர்த்து 'ம்' என்று ஒரே பதில் சொல்ல ஆரம்பித்தாள். கண் சிவந்திருந்தது. காலையில் அவளை எழுப்பி உட்கார வைத்தால், உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தாள்.

பள்ளியின் கோ-கோ அணியில் அவள் இருந்தாள். ஓடி வருகிறவள் உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி 'கோ' என்றால், அடுத்த நொடி அவள் பாய்ந்து எழ வேண்டும். ஒரு நாள் பயிற்சியில் தட்டியும் என் மகள் எழவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாள். மைதானமே சிரித்ததாம். விளையாட்டு டீச்சர் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, ஒழுங்காகத் தூங்கி வந்தால் போட்டிக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, இனிமேல் விளையாடப் போவதில்லை, பள்ளிக்கூடத்துக்கே போகப் பிடிக்கவில்லை என்றாள். கோ-கோ என்றால் அவளுக்கு உயிர்.

வேறு எதன் மேல் பழி போடுவது? செல்போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். சண்டைக்கு வருவாள் என்று நானும் இடுப்பில் கையை வைத்துத் தயாராக நின்றேன். அவளோ பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். ஆனாலும் தூங்கவில்லை. என்னிடம் சண்டை போடாத மகளைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அந்தச் சமயத்தில் பள்ளியிலிருந்து தகவல் வந்தது. 'உறக்க விழிப்புணர்வு வகுப்பு' நடக்கிறது, அம்மாக்களும் வர வேண்டும் என்று. தூங்கச் சொல்லித் தருகிறார்களா, முழிக்கச் சொல்லித் தருகிறார்களா என்று என் வீட்டுக்காரர் அன்று முழுக்கச் சிரித்தார். தூங்குவதில் அவருக்குப் பாடமே தேவையில்லை. ஓசூரில் பகல் ஷிப்ட்டில் மெஷின் ஓட்டுகிற மனிதர், தலையணையைக் கண்டாலே குறட்டை விடுவார்.

எனக்கு அந்த வாரம் முதல் ஷிப்ட். கோழி கூவுமுன் எழுந்து போனவள், வேலை முடிந்து கம்பெனி வண்டியில் வந்து பள்ளி வாசலிலேயே இறங்கிக்கொண்டேன். வகுப்பறைக்குள் போனால் எல்லாம் என்னைப் போன்றவர்கள்தான். ஆளுக்கொரு நிறத்தில் கம்பெனிக் கோட்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டுகிற பெண் ஒருத்தி, முள் கீறிய கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் அவரவர் அம்மா பக்கத்தில் கூச்சத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பை எடுத்தவர் உயிரியல் டீச்சர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இளம்பெண். இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும் நேரமே தள்ளிப்போகிறது, அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை என்றார். பெரியவர்களைவிட அவர்களுக்குத் தூக்கம் அதிகம் வேண்டும், அது குறைந்தால் படிப்புக்கு முன்னால் மனசுதான் வாடும் என்றார். நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனித்தால் போதும், எதையும் சரிசெய்ய வேண்டாம் என்றார். கவனிப்பதுதானே என் தொழில். மூச்சில் ஏதாவது பிசிறு இருக்கிறதா என்று பார்த்தேன். முதல் மூச்சு சரியாக இருந்தது. இரண்டாவதும் சரி. மூன்றாவது மூச்சைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது வகுப்பறை கப்சிப் என்று இருந்தது. தப்பு, குறட்டைச் சத்தம் கேட்டது. ரோஜாத் தோட்டத்துப் பெண் அண்ணாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வரிசை வரிசையாக அம்மாக்கள், ஒருத்தி பாக்கியில்லாமல், மேசையிலும் சுவரிலும் சாய்ந்து கிடந்தார்கள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். யாரோ ஒரு மாணவி எங்களை எழுப்பப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. டீச்சர் அவளைத் தடுத்து, "பாவம், உறங்கட்டும்" என்று கிசுகிசுத்தார்.

என் தோள் கனத்தது. திரும்பினால், என் மகள். வாயைத் திறந்தபடி, எச்சில் என் கோட்டில் வடிய, அப்படியொரு தூக்கம். கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்த முகம். நான் அசையவே இல்லை. தோள் மரத்துப்போனாலும் போகட்டும் என்று இருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வகுப்பு முடிந்து எல்லோரும் வெட்கத்தோடு கலைந்த பிறகு, வராந்தாவில் டீச்சர் என் மகளிடம் மெதுவாகக் கேட்டார். வீட்டில் வராத தூக்கம் இங்கே இத்தனை சத்தத்தில் எப்படி வந்தது?

"அம்மா தூங்கறதப் பார்த்தேன் மிஸ். சரி, இன்னிக்கி நமக்கு டூட்டி இல்லன்னு தோணுச்சு."

என்ன டூட்டி என்றேன் நான்.

"நீ செகண்ட் ஷிப்ட் போற வாரம் அப்பா தூங்கிடுதும்மா. உன் வண்டி நடுராத்திரி ஹைவேல வந்து சேர்ற வரைக்கும் வீட்ல யாராச்சும் முழிச்சிக்கினு இருக்கணும்ல. ரிலீவர் வராம எப்பிடி விட்டுட்டுப் போறது?"

தெற்கத்தி டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் சொன்னேன். ஓடுகிற மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. அடுத்த ஷிப்ட்டுக்காரர் வந்து நின்றால்தான் போகலாம். அவர்தான் ரிலீவர். வரவில்லையென்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். ரிலீவர் வராமல் தான் ஒரு நாளும் இடத்தைவிட்டு நகர்ந்ததில்லை என்று என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பெருமை அடித்துக்கொள்ளாத நாளில்லை. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. நெடுஞ்சாலை விபத்து ஒன்றைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டதும், வீட்டையே ஒரு மெஷினாக நினைத்துக் காவலுக்கு நின்றுவிட்டது. அந்த வாரத்தில் கெட்ட தூக்கம் மற்ற வாரங்களிலும் திரும்பவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. "அடி கழுதை, வண்டில ஏறுன ஒடனே நாங்கல்லாம் தூங்கிடுவோம். தூங்கறவளுக்காடி நீ முழிச்சிக்கினு இருந்த?" என்று கேட்டு, நடு வராந்தாவில் அவளைக் கட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கைகால் கழுவி, தலை வாரி, மகளுக்கு முன்னால் வந்து விறைப்பாக நின்றார். ரிலீவர் வந்தாச்சு, லைனை ஒப்படை என்றார். அவள் வெகுநாளைக்கு அப்புறம் சிரித்தாள். வீட்டுச் சாவியை அவர் கையில் வைத்து, லைன் ஓகே, பிரச்சினை எதுவும் இல்லை என்றாள். எடுத்துக்கொண்டேன், நீ கிளம்பலாம் என்றார் அவர். அதுமுதல் தினமும் படுக்கப் போகுமுன் இது நடக்கிறது. சாவியை வாங்கிய கையோடு அவர் குறட்டை விடுவது வேறு கதை. அது ரிலீவரின் தலைவலி, நம் ஷிப்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மகள் சொல்லிவிட்டாள்.

டீச்சரும் அந்த 'ரிலீவர்' என்ற வார்த்தையை விடவில்லை. வகுப்பில் மூச்சைக் கவனித்து முடித்ததும், இன்றைக்கு எதை யாரிடம் ஒப்படைக்கப்போகிறீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்க ஆரம்பித்தார். எல்லாம் ஷிப்ட்டு வீட்டுப் பிள்ளைகள். விளக்கமே தேவைப்படவில்லை. பரீட்சைப் பயத்தை அண்ணனிடம், தம்பியின் வீட்டுப்பாடத்தை அம்மாவிடம், செல்போனை அலமாரியிடம் என்று ஆளாளுக்கு ஒப்படைத்தார்கள். எங்கள் வீட்டுச் செல்போனும் அலமாரிக்குப் போக, நான் அரிசி டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. பேச்சு அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. முதலில் தெலுங்கு, பிறகு கன்னடம், கடைசியாக என்னிடம் தமிழில் சண்டை.

கிருஷ்ணகிரியில் நடந்த போட்டியில் அவள் பெயரையும் சேர்த்தார்கள். எனக்கு அப்போது இரவு ஷிப்ட். காலையில் கம்பெனியிலிருந்து நேரே பஸ் ஏறி, மைதானத்தின் ஓரத்தில் ஒரு புங்க மரத்தடி பெஞ்சில் இடம் பிடித்தேன். வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் என் மகள். கண் தெளிவாக இருந்தது. யாரோ அவள் முதுகில் தட்ட, அவள் பாய்ந்து எழுந்ததைப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. முதுகில் பளீர் என்று ஒரு தட்டு விழுந்தது. "கோ."

அலறி அடித்துக்கொண்டு எழுந்தேன். அணி முழுக்க என்னைச் சுற்றி நின்று சிரித்தது. ஜெயித்துவிட்டார்களாம். மூச்சிரைக்க நின்ற மகளிடம், நீ ஆடியதைப் பார்க்காமல் போய்விட்டேனே என்று கண் கலங்கினேன்.

"பரவால்லம்மா," என்றாள். "நீ தூங்கறது அங்கேருந்தே தெரிஞ்சுது. அதான் பயமில்லாம ஓடினேன்."