மைக்கில் விழுந்த வயிற்றுச் சத்தம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, பெங்களூரு வைட்ஃபீல்டில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நடந்தது இது. தொழிற்சாலை ஊழியர்களுக்கான பாதுகாப்புப் பாடங்களைக் குரலில் பதிவு செய்து கொடுப்பது எங்கள் வேலை. தமிழ்ப் பதிவுகளுக்கு நான் பொறுப்பு. நான் கெட்டிக்காரன் என்பது என் எண்ணம். முன்கோபி என்பது மற்றவர்கள் எண்ணம்.

எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்க ஜீவனஹள்ளியிலிருந்து ஓர் அக்கா வருவார். ஒருநாள், வழக்கமாகக் குரல் கொடுப்பவர் வரவில்லை. அவசரமாக ஒரு மாதிரிப் பதிவு அனுப்ப வேண்டியிருந்ததால், வேறு வழியில்லாமல், தமிழ் படிக்கத் தெரிந்த அந்த அக்காவைப் படிக்கச் சொன்னேன். "இயந்திரம் ஓடும்போது கையை உள்ளே விடாதீர்கள்" என்று அவர் படித்ததைக் கேட்டால் யாருக்கும் கையை விட மனசு வராது. அவ்வளவு அக்கறை அந்தக் குரலில். வாடிக்கையாளருக்குப் பிடித்துப்போனது. நாற்பது பாடங்களையும் அவரே படிக்கட்டும், நல்லபடியாக முடித்தால் குரல் வேலைக்கே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரே ஒரு தொல்லை. அவர் விடிந்ததுமே சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிறவர். பத்து மணிக்கு மேல் அவர் வயிறு கடகடவென்று உருளும். எங்கள் மைக் அதையும் விடாமல் பிடித்துவிடும்.

"என்னக்கா, சாப்பிடாம வந்துட்டீங்களா?"

"சாப்ட்டுதான் வந்தேன் தம்பி. பசியே இல்ல. அதுவா கத்துது, நான் இன்னா பண்றது?"

வயிறு சத்தம் போட்டால் எதையாவது கொறித்து அடக்குவது எங்கள் தொழிலில் வழக்கம். நான் அதைச் சட்டமாகவே ஆக்கினேன். கால் மணிக்கு ஒரு பிஸ்கட், நடுநடுவே டீ. மைக் பக்கத்திலேயே பாக்கெட்டைப் பிரித்து வைத்தேன். சத்தம் அடங்கியது.

சில வாரங்களில் நெஞ்சு எரிகிறது என்றார். என் மேஜை டிராயரில் எப்போதும் கிடக்கும் அசிடிட்டி சிரப்பைக் கொடுத்து வைத்தியனும் ஆனேன். எரிச்சல் அப்போதைக்குத் தணியும், மறுநாள் திரும்பி வரும்.

"ஒரு தபா டாக்டர பாத்துட்டு வரட்டுமா தம்பி?"

"இருபது பாடம் முடியட்டும்க்கா, அப்புறம் நிதானமா போலாம்" என்றேன்.

பதினெட்டாவது பாடத்தில் குரல் கரகரத்தது. கனைத்துக் கனைத்துப் படித்தார். நான் எரிந்து விழுந்தேன். ஒரு வாரமாகியும் சரியாகாதபோதுதான் எனக்குப் பயம் வந்தது. தொண்டை மருத்துவரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவர் கன்னடத்தில் விளக்கினார். எனக்குக் கன்னடம் அரைகுறை. அதனால் அக்காவே அந்தக் கரகரத்த குரலில் எனக்குத் தமிழில் சொன்னார்.

"வயிறு காலியானா தன்ன தானே கூட்டிப் பெருக்கிக்குமாம் தம்பி. ஒன்றரை, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி. அந்தச் சத்தந்தான் நமக்குக் கேட்டதாம். நடுவுல ஏதாச்சும் தின்னுட்டே இருந்தா பெருக்குறது நின்னுடுமாம். ஆசிட் ஜாஸ்தியாகி கீழ குடலுக்கு எறங்கினாலும் வயிறு பெருக்குறது தள்ளிப்போகுமாம். நான் கூட்டறப்ப ஆளுங்க குறுக்க நடந்துனே இருந்தா எப்படி வேல ஆகும், அந்த மாதிரி. வயிறு காலியாவே இல்லாததால எனக்கு அந்த ஆசிட் தொண்ட வரைக்கும் ஏறி, கொரலக் கெடுத்துடுச்சாம்."

நாள் முழுக்கக் கொறிக்கச் சொன்னது யார் என்று மருத்துவர் கேட்டார். அந்த அளவுக்குக் கன்னடம் எனக்கும் புரியும். அக்கா என் பக்கம் திரும்பாமலே, "நானே, சார்" என்றார். நான் அதை மறுக்காமல் மருந்துச் சீட்டை வாங்கி மடித்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

குரலுக்குச் சில மாதங்களாவது ஓய்வு வேண்டும் என்றார் மருத்துவர். வாடிக்கையாளர் காத்திருக்கவில்லை. நாற்பது பாடங்களையும் வேறொருவர் முதலிலிருந்து படித்தார். நான்காவது மாதம் அக்காவுக்குக் குரல் பழையபடி திரும்பிவிட்டது. குரல் வேலை திரும்பவில்லை. இன்றும் எங்கள் அலுவலகத்தைத்தான் பெருக்குகிறார். நான் முகம் வாடி நின்ற ஒருநாள் அவரே பக்கத்தில் வந்து, "சும்னே எதுக்குத் தம்பி மனச ஒழப்பிக்கிற? நீ நல்லதுக்குத்தான சொன்ன" என்றார்.

நல்லதுக்குச் சொல்லவில்லை. பதிவில் விழுந்த அந்தச் சத்தத்தைக் கணினியில் வெட்டி எடுக்க எனக்கு ஓர் இடத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குச் சோம்பல்பட்டுத்தான் அவர் வயிற்றை அடக்கினேன் என்பதை அவரிடம் சொல்ல, நாலு வருடமாக அவர் துடைத்து வைத்த தரையில் தினமும் நடந்து போகிற எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.