புகை படாத இடம்

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தபோது ஊரே கூடி அவர் உடம்பில் காயத்தைத் தேடியது. குண்டு எங்கே பட்டது என்று. எங்கும் படவில்லை. "அப்பறம் இன்னாத்துக்கு அனுப்பிட்டானுங்க?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். நுரையீரலைக் கழற்றியா காட்ட முடியும்?

எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் வடக்கே எங்கேயோ ஓர் எண்ணெய்க் கிடங்கில் குண்டு விழுந்து நாள்கணக்கில் எரிந்ததாம். இவரையும் கூட இருந்தவர்களையும் அதைச் சுற்றிக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். பகலா இரவா என்றே தெரியாத கரும்புகை. ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொள்ளச் சொன்னார்களாம். பாதுகாப்பு அவ்வளவுதான். "குடிக்கவே தண்ணி இல்ல, துண்ட எங்கமே நனைக்கிறது?" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். பாதிச் சிரிப்பில் இருமல் வந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கையில் துப்பாக்கி கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு மூக்குக்கு ஒன்று கொடுக்கத் தெரியவில்லையே!

சரி, அவர்கள் காக்காததை நான் காக்கிறேன் என்று இறங்கினேன். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஏரிக்கரை ஊர் எங்களுடையது. வீட்டுக்குள் இருந்த அடுப்பை இடித்துவிட்டுப் பின்பக்க வேலியோரம் புது அடுப்புப் போட்டேன். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு சோறு வடித்திருக்கிறேன். பீடியோடு வருகிறவர்களைத் தெருவிலேயே நிறுத்தினேன். ராங்கிக்காரி என்று பேர் வந்தது. வரட்டும்.

மாமியாரிடம்தான் என் பாச்சா பலிக்கவில்லை. பிள்ளைக்குக் கண்பட்டுவிட்டது என்று தினமும் மிளகாயைச் சுற்றி நெருப்பில் போடுவார். நெடி வராவிட்டால் கண் இன்னும் போகவில்லை என்று அர்த்தமாம். அதனால் நெடி வரும்வரை போடுவார். உள்ளே இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவார். "நிறுத்துங்க அத்தை" என்று கெஞ்சியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். "எம் புள்ளக்கி நான் சுத்தாம யார் சுத்துவா?" என்று அழுவார். பெற்ற வயிறு, என்ன சொல்ல?

தை பிறக்கப் போகிறது என்றதுமே நான் நாள் எண்ண ஆரம்பித்தேன். போகியன்று விடியற்காலையில் தெருவே எரியும், பையன்கள் சைக்கிள் டயரையும் சேர்த்துக் கொளுத்துவார்கள். முந்தின நாளே இவரைத் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் மாமல்லபுரம் கூட்டிப்போனேன். சத்திரத்தில் படுத்திருந்துவிட்டு, விடிந்ததும் மணலில் போய் உட்கார்ந்தோம். கடலிலிருந்து நல்ல காற்று. கொஞ்ச தூரத்தில் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் இவர் மூச்சு வாங்காமல் பேசினார். பேசினதுதான் பேசினார், வேறு பேச்சு கிடைக்கவில்லையா அந்த மனுஷனுக்கு!

"நான் பூட்டா என்னக் கொளுத்த உடாதமே. மண்ணுல போடச் சொல்லு. இன்னொரு பொகை எனக்கு வாணாம்."

"நல்ல நாளும் அதுவுமா இன்னாய்யா பேச்சு இது!"

"உடுவியா, மாட்டியா?"

"உட மாட்டேன். எம் மேல சத்தியம். எந்திரி, நாஸ்தா துன்லாம்."

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் காற்றை ஆசைதீர இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஆசையாக இருந்தது, இப்படியே இங்கேயே இருந்துவிடலாமா என்று. இருக்க நமக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? மறுநாள் பொங்கலுக்குத் திரும்பிவிட்டோம்.

அந்த வருஷம் ஐப்பசியில் போய்விட்டார். அடைமழை. புதைக்கத்தான் வேண்டும், அவர் ஆசை அதுதான் என்று பங்காளிகளிடம் சொன்னேன். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். என் கொழுந்தன், அவருடைய ஒரே தம்பி, நல்ல பையன்தான், தேம்பித் தேம்பி அழுதுகொண்டே என்னோடு சண்டைக்கு நின்றான்.

"நம்ப வூட்ல யாரப் பொதைச்சிகீறோம் அண்ணி? பட்டாளத்துல இருந்தவரு. அனாதப் பொணம் மாதிரி குழியில தள்ளச் சொல்றியா?"

"அவரு கேட்டாருடா! என்கிட்ட கேட்டாருடா!"

பாடையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். நாலு பெண்கள் சேர்ந்து என் விரல்களைப் பிரித்தார்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. வாசலோடு என்னை இருத்திவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் ஓடிவந்தான். விறகெல்லாம் நனைந்து கிடக்கிறது, பற்ற மாட்டேன் என்கிறது என்றான். எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் டின்னையே எடுத்துக்கொண்டு போனான். போகிற வழியில் சைக்கிள் கடையில் இரண்டு பழைய டயரும் வாங்கிக்கொண்டானாம். அப்புறம் ஏரிக்கரைச் சுடுகாட்டுப் பக்கம் கன்னங்கரேலென்று புகை எழும்பியது. பாவிங்களா, பாவிங்களா என்று மண்ணை வாரி அடித்தேன். யாருக்கு அது கேட்டிருக்கும்?

கொழுந்தன் ஏரியில் முழுகிவிட்டு வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. என் எதிரில் உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டான்.

"இன்னா பொகை அண்ணி! கிட்ட நிக்கவே முடில. நாங்கல்லாம் பொகை படாத பக்கமா தள்ளிப் போயி நின்னுக்கினோம்."