வெள்ளிக்கிழமை வெட்டு கிடையாது

என் அண்ணி கிறிஸ்டிக்கு வாய் அதிகம் என்று வரதராசன்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அந்த வாயை மூடச் சொல்ல எவனுக்கும் உரிமை கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்வேன். நாங்கள் இருவரும் ஒரே வயது, அதனால் எனக்கு அவள் ‘அவள்’தான்.

பகலெல்லாம் முந்திரி உடைக்கிறாள். கொட்டையின் தோலில் இருக்கும் பால் பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். கை கழுவி வந்து உட்கார்ந்தால் சாமுராய். டிவியில் ஆடும் அந்த ஜப்பான் வீடியோ விளையாட்டை வாங்கி வந்தவர் அவள் புருஷன், என் சின்ன அண்ணன் மரிய ஆல்பர்ட். சிமென்ட் லாரியை எந்தச் சந்திலும் திருப்பிவிடும் மனுஷருக்கு அதில் முதல் பாலத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. செத்துச் செத்து எழுந்து, எரிச்சலில் கன்ட்ரோலரைக் கட்டிலில் எறிந்தார். அண்ணி எடுத்தாள். அதோடு சரி, திருப்பிக் கொடுக்கவே இல்லை.

பிறகு யூடியூபில் சேனல் தொடங்கி, புதிதாக ஆடுகிறவர்களுக்குத் தமிழில் யோசனை சொல்ல ஆரம்பித்தாள்.

“கதைய அவசரப்பட்டு ஓட்டாதீங்க. எங்க வேணா போலாம்னுதான வுட்டிருக்கான், போங்க. குதிரைய வுட்டு எறங்கி நடங்க. கத்தியத் தீட்டுறது அப்புறம், மொதல்ல கவசத்தப் பாருங்க. எதிராளி கத்தியப் பாக்காதீங்க, தோளப் பாருங்க. தோளு எறங்குனா வெட்டு வருது. உருண்டு ஓடாதீங்க, நின்னு தடுங்க.”

அந்தப் புல்வெளியில் காற்று அடித்தால், குன்னத்தில் தன் அப்பாவின் மக்காச்சோளக் காட்டுக்குள் நிற்பது போல இருக்கிறது என்பாள். குறையும் சொல்வாள். “இத்தன பேரு சண்ட போடுறானுங்க, சோறாக்குற ஆளு ஒண்ணக் காணோம். என்னத்தத் திங்கிறானுங்களோ.”

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் அவளுக்கு ஒரு தனிச் சட்டம். வெள்ளிக்கிழமை எங்கள் வீடுகளில் கறி கிடையாது, சுத்த போசனம். அதை அவள் விளையாட்டுக்கும் நீட்டிவிட்டாள். வெள்ளியன்று தடுப்பாள், ஒளிவாள், தப்புவாள். வெட்டமாட்டாள். “சட்டியில ஆகாதது திரையில மட்டும் எப்புடி ஆகும்?” என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

இந்தத் தவக்காலத்தில்தான் சேனலின் கீழே கண்டவனும் எழுத ஆரம்பித்தான். புருஷன் ஆடுகிறான், இவள் வாயசைக்கிறாளாம். போய் அடுப்பைப் பார்க்க வேண்டுமாம். ஒருவன் சவாலே விட்டான்: நேரலையில் கையைக் காட்டிக்கொண்டு, ஆட்டத்தில் வரும் மலைக்கோட்டைத் தளபதியோடு மோதிக் காட்டு. அந்தத் தளபதியிடம் அடி வாங்காதவன் கிடையாது.

இதை யாரோ என் பெரிய அண்ணன் அமல்தாஸிடம் போனில் காட்டிவிட்டார்கள். அவர் எங்கள் தெரு ஜெபக்கூட்டத்துக்குத் தலைவர், மரியாதைதான் அவருக்கு உயிர். நேரே வந்தார்.

“குடும்ப மானம் சந்தி சிரிக்குது. ஆல்பர்ட்டு பேசட்டும், நீ பின்னாடி இருந்து ஆடிக்க. இல்லன்னா கடையச் சாத்து.”

“என் வாயி எனக்கு இருக்குது மாமா. வர்ற வெள்ளிக்கிழமை நேரலை போடுறேன். அதுல நான் தோத்தா நானே சாத்திடுறேன்.”

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. “அடிப்பாவி, வெள்ளிக்கிழமைன்னுட்டியே. சனிக்கிழமைக்கு மாத்து. இல்ல, ஒரு நாளு வெட்டிடு. யாரு பாக்கப் போறா?”

“நான் பாப்பேன்ல. சொன்ன நாளயும் மாத்த மாட்டேன் சுபா.”

வெட்டாமல் எப்படி ஜெயிப்பாள்? சேனல் போய்விடும் என்றே நினைத்தேன்.

வெள்ளி மாலை, கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து வந்ததும் ஆரம்பித்தாள். அவள் கைக்கு நேராகப் போனை ஜன்னல் கம்பியில் கட்டினேன். கையுறை நீட்டினேன். “எதுக்கு? பாக்கட்டும்” என்று தள்ளிவிட்டாள். பெரியண்ணன் கோயிலிலிருந்து அப்படியே வந்து வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கடை சாத்துவதைக் கண்ணால் பார்க்க.

“இன்னிக்கு வெள்ளிக்கிழம, தவக்காலம். நான் இவன வெட்டமாட்டேன். இவன் என்னய வெட்டட்டும், பாப்போம்” என்றாள் அண்ணி.

தளபதி பாய்ந்தான். தடுத்தாள். சுழன்று வந்தான், தடுத்தாள். அந்தக் கறுத்த கட்டைவிரல் அசைந்தது கண்ணுக்குக்கூடத் தெரியவில்லை. ஒரு கீறல் அவள் மேல் விழவில்லை. புருஷன் ஆடுகிறான் என்று எழுதியவன் ஒருத்தனையும் காணோம். பெரியண்ணன் எப்போது படியை விட்டு உள்ளே வந்தார், எப்போது தரையில் உட்கார்ந்தார், எனக்குத் தெரியாது.

“தோள எறக்குறான், தோள எறக்குறான்” என்றார்.

அண்ணி தடுத்தாள். தளபதி தடுமாறி முட்டி போட்டான். ஒரே வெட்டுப் போதும்.

“வெட்டு கிறிஸ்டி. இப்ப வெட்டு.”

“வெள்ளிக்கிழம மாமா.”

கத்தியை உறையில் போட்டு, ஆட்டத்தை அப்படியே நிறுத்தினாள். சவால் விட்டவன் ‘பயந்துட்டா’ என்று எழுதினான். அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, இரண்டு கையையும் போனுக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

“இது பயந்தவ கையா? மிச்சத்த நாளைக்கு வந்து பாரு. எந்த நாளுன்னு நான் சொல்லுறேன், நீ சொல்லாத.”

மறுநாள் காலையில் நாங்கள் காபி குடித்து முடிக்கவில்லை, பெரியண்ணன் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே டிவி முன்னால் உட்கார்ந்தார்.

“இன்னிக்கு சனிக்கிழமதான?”

“சனிதான் மாமா. உங்க தம்பியும் வூட்லதான் இருக்காரு. அவரப் பேசச் சொல்லட்டுமா?”

கட்டிலில் இருந்த ஆல்பர்ட்டைப் பெரியண்ணன் மேலும் கீழும் பார்த்தார்.

“அவனுக்கு என்ன தெரியும்? நீ பேசு.”