தீர்த்துவிட்டவரின் வீட்டில்

ஜப்பான்காரன் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பெரியவர்கள் எனக்கும் என் கணவருக்கும் இருந்த கல்யாண உறவைத் தீர்த்துவிட்டார்கள். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த கூடத்தில் பஞ்சாயத்து. அவர் அடித்ததில் என் இடது காது மந்தமாகிப்போனதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. உறவு முறிந்ததற்கு அடையாளமாக இருவரையும் துரும்பு கிள்ளிப் போடச் சொன்னார்கள். தாலியைக் கழற்றிக் கொடுத்தேன். விட்டது என்று எழுந்தபோது, பஞ்சாயத்தில் இருந்த ஜவுளிக்கடைக்காரர் சொன்னார்:

“பால் மறந்த புள்ள அப்பனுக்குத்தாம்மா. அதுதான் நம்ம வழக்கம்.”

என் மகளுக்கு அப்போது மூன்று வயது.

கோர்ட்டுக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே எழுத்து வேலை பார்த்த தமிழ்க் கிராணி நல்லவர். நம் வழக்கப்படி நடந்த கல்யாணத்தை ரத்து செய்யக் கோர்ட்டில் வழியில்லை, பராமரிப்புச் செலவு வேண்டுமானால் கேட்கலாம், பிள்ளையைக் கேட்பதென்றால் லாயர் வைத்துப் பெரிய கோர்ட்டுக்குப் போகவேண்டும் என்றார். நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே குண்டு விழுந்தது. கோர்ட்டைப் பூட்டினார்கள். பிறகு ஜப்பான்காரன் அதைத் திறந்தபோது வாசலில் துப்பாக்கி நின்றது. அந்தப் பக்கமே நான் போகவில்லை.

உஜோங் பாசிரில் அக்காள் வீட்டில் இருந்தேன். மகள் காஜா பெராங்கில் அவள் அப்பாவோடு இருந்தாள். பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண்மணி அவளைப் பார்த்துக்கொண்டார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய வம்சம்; அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். ஆனால் அவர் மூலமாகத்தான் பிள்ளை சாப்பிட்டாளா, காய்ச்சல் விட்டதா என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை அவரே மூச்சிரைக்க வந்து நின்றார். “செப்பாட், செப்பாட்”, சீக்கிரம் சீக்கிரம் என்று என் கையைப் பிடித்து இழுத்தார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள். எங்கள் வட்டாரத்தில் பெண்சாதி இல்லாத ஆண்களை முதலில் எடுக்கிறார்களாம். என் கணவராக இருந்தவரையும் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் போய்விட்டால் பிள்ளையை எங்கோ தோட்டத்தில் இருக்கும் அவருடைய தம்பியிடம் அனுப்பிவிடுவார்கள்.

அந்தத் தம்பியை எனக்குத் தெரியும். குடித்தால் ஆள் அடையாளம் தெரியாதவன்.

அக்காள் போகாதே என்று அழுதாள். நான் அடுப்படியில் கிடந்த மஞ்சள் கிழங்கை ஒரு நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். வழியில் பண்டார் ஹிலிரில் காவல்காரச் சிப்பாய்க்கு முன்னால் குனிந்து நின்றபோது, அந்த நூல் முடிச்சு அவிழ்ந்து அவன் காலடியில் விழுந்துவிடுமோ என்று முந்தானையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

காஜா பெராங்கில் அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

“நீ ஏன் வந்த?”

“புள்ளைக்காக. நான் ஒங்க பொண்டாட்டின்னு சொல்றேன். இனிமே புள்ள என்கிட்டத்தான் இருக்கணும். நீங்க என்னைத் தொடக்கூடாது, அடிக்கக்கூடாது.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டார்கள். ஒரு ஜப்பான் அதிகாரி, ஒரு சிப்பாய், கூடவே வட்டாரத் தலைவர். தலைவரை எனக்கு நன்றாகத் தெரியும். அதே ஜவுளிக்கடைக்காரர். என் தாலியைக் கை நீட்டி வாங்கியவரே அவர்தான்.

அதிகாரி என்னைக் காட்டி மலாயில், “பினி?” என்றான். மனைவியா என்று கேட்கிறான்.

தலைவர் என் கழுத்தைப் பார்த்தார். ஈரமஞ்சளும் புது நூலும் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அவர் தலையும் போகும். என் மகள் புதிதாக ஒருத்தி வந்திருப்பதைப் பார்ப்பதுபோலக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். அழுதுவிடாதே என்று மனத்துக்குள் கெஞ்சினேன். நல்லவேளை, அவள் அழவில்லை.

“பினி,” என்றார் தலைவர்.

அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அங்கிருந்து ஓர் இளைஞனை அழைத்துச்சென்றார்கள். அவன் திரும்பி வரவேயில்லை.

ஆபத்து போனது என்று நான் நினைத்தேன். உண்மையில் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. திரும்பவும் சோதிக்க வருவார்கள் என்பதால் அக்காள் வீட்டுக்குப் போக முடியவில்லை. நானும் மகளும் ஓர் அறையில் படுத்தோம். கதவுக்குக் குறுக்கே மரப்பெட்டியை இழுத்துப் போடுவேன். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் மகளை அணைத்துக்கொண்டு பெட்டியில் முதுகைச் சாய்ப்பேன். அவர் அடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் பொய் வெளியே வரும். வந்தால் அவர் சயாமுக்குப் போவார், தலைவர் சிறைக்குப் போவார், நான் எங்கே போவேன் என்று யோசிக்கவே பயந்தேன்.

ஒருநாள் மரவள்ளிக்கிழங்கு அடிப்பிடித்துவிட்டது. பசியோடு வந்தவர் சட்டியைத் தள்ளிவிட்டுக் கையை ஓங்கினார். மகள் என் காலைக் கட்டிக்கொண்டாள்.

“அடிங்க,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “அடிச்சா நேரா போயி நான் ஒங்க பொண்டாட்டி இல்லைன்னு சொல்லிருவேன்.”

கை அப்படியே நின்றது. அவர் கண்ணில் நான் பார்த்தது கோபமில்லை. எனக்குள் இருந்த அதே பயம். அதற்குப் பிறகு அவர் என் எதிரில் குரலை உயர்த்தவில்லை. நானும் அந்த வார்த்தையை மறுபடி சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்தபடியே ஒரே சட்டியில் சாப்பிட்டோம்.

ஜப்பான்காரன் சரணடைந்தான் என்ற செய்தி வந்ததும் துணி மூட்டையைக் கட்டினேன். அவர் தடுக்கவில்லை, ஆனால் பிள்ளையின் கையை விடவும் இல்லை. தலைவரிடம் போனோம்.

“ஒரே வீட்டுல இருந்துட்டீங்க. நாங்க தீர்த்துவிட்டது இப்ப செல்லுமா செல்லாதான்னு எனக்கே தெரியல,” என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, “வழக்கம் ஒன் பக்கந்தான்பா. நீ என்ன சொல்ற?” என்றார்.

அவர் மகளின் தலையைத் தடவினார். “அவகூடவே இருக்கட்டும்யா,” என்றார்.

கையை விட்டார்.

அதை எந்தக் கோர்ட்டும் உத்தரவாகப் போட்டுக் கொடுக்கவில்லை. அவர் நினைத்தால் நாளைக்கே வந்து கேட்கலாம், வழக்கமும் அவர் பக்கம். உஜோங் பாசிரில் எங்கள் வாசலில் ஏதாவது ரிக்‌ஷா வேகம் குறைத்தால் மகளை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் எட்டிப் பார்ப்பேன். அவள் பெரியவளாகி, தன் வாயால் யாரிடம் இருப்பேன் என்று சொல்லும் வயது வந்த பிறகும், எனக்கு அந்தப் பழக்கம் போக நெடுநாளாயிற்று.