சந்தனம் பூசிய பிளொப்பி

அந்தப் புரோகிராமை நீங்கள் எழுதவில்லை. எழுதியது நான்.

போன மாதம் வாசிகசாலைக் கூட்டத்தில் கழுத்தில் மாலையோடு நின்று, "துறைமுகத்துக்கு முதல் கொம்பியூட்டர் புரோகிராம் எழுதினது நான்தான்" என்றீர்கள். பின்வரிசையில் இருந்த எனக்கு வடை புரைக்கேறியது.

அந்தக் காலத்தில் நீங்கள் எங்கள் கந்தோரின் மேலதிகாரி, நான் எழுதுவினைஞன். வரப்போகும் கப்பல் எந்த நாள், எந்தத் துறையில் கட்டும் என்று வரிசைப்படுத்த, ‘பேசிக்’ என்ற கொம்பியூட்டர் மொழியில் நானூறு வரி தட்டினேன். மூன்று மாத வேலை. எல்லாம் ஒரே பிளொப்பித் தட்டில். படியெடுத்து வைக்க இன்னொன்று கேட்டேன். "புதுசு, வீணாக்கக் கூடாது" என்று அலுமாரியில் வைத்துப் பூட்டினீர்கள்.

பிளொப்பியின் உறையில் சின்னதாக ஒரு திறப்பு இருக்கும். மெஷின் அதன் வழியாகத்தான் வாசிக்கும். அங்கே விரல் படக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். வாணி விழா அன்று, ஆயுத பூசைக்கென்று தட்டச்சுப்பொறி, தொலைபேசி, மின்விசிறி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தீர்கள். நான் ஒட்டிய தாளுக்கும் ஒரு பொட்டு. பிறகு பிளொப்பியைத் தூக்கினீர்கள்.

"ஐயா, அதில பூச ஏலாது!"

"சாமிக்குச் செய்யிறதில பழுது வராது தம்பி. தள்ளி நில்லும்."

சரியாக அந்தத் திறப்பில், பெருவிரலால்.

அடுத்த நாள் பிளொப்பியைப் போட்டதும் மெஷின் கரகரவென்று இழுத்தது, பிறகு நின்றுவிட்டது. கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் நண்பர் எட்டிப் பார்த்தார். "என்ன மச்சான், மிச்சச் சந்தனத்தையும் அதுக்குள்ளயே அரைக்கிறியளோ?"

நானூறு வரியையும் ஞாபகத்திலிருந்து திரும்பத் தட்டினேன். கோபத்தில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தேன். கப்பலின் பெயரைக் கொடுக்காமல் என்ட்டரைத் தட்டினால், மெஷின் மூன்று தரம் கத்திவிட்டு, சந்தனம் பூசியவரைப் பற்றித் திரையில் ஒரு வரி காட்டும். கந்தோர் முழுக்க அது தெரியும். கிண்ணியா நண்பர் காலைத் தேநீரோடு தினமும் ஒரு தட்டுத் தட்டுவார்.

"என்ன சிரிப்பு அங்க?" என்று உள்ளிருந்து கேட்பீர்கள்.

"கப்பல் வந்திட்டுது ஐயா!"

நீங்கள் எழுந்து வந்து ஒரு தரமாவது அந்த விசையைத் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். தொடவேயில்லை.

அந்த வரியை இங்கே எழுதமாட்டேன், மனப்பாடமாக்கிவிடுவீர்கள். புரோகிராம் உங்களுடையதென்றால், வரும் கூட்டத்தில் அதே மேடையில் ஏறி, அந்த வரி என்னவென்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். பிழை பிடிக்கக் கிண்ணியா நண்பரை முன்வரிசையில் இருத்துகிறேன்.